பெய்ஜிங் பூட்டினால் சூளகிரியில் என்ன நடக்கும்?

*சீனாவுடன் சண்டையும் வேண்டாம், சரணடையவும் வேண்டாம் என்று டெல்லி நடந்துவரும் பாதைக்கு ஓசூர் - கிருஷ்ணகிரி தொழிற்பகுதி கொடுக்கும் விலை*

அதிகாலை ஐந்தரை மணி. சூலம்போல எழுந்து நிற்கும் சூளகிரி மலையின் உச்சி பனிமூட்டத்தில் மறைந்திருக்கிறது. கீழே தேசிய நெடுஞ்சாலை 44 எப்போதோ விழித்துவிட்டது. கொத்தமல்லியும் புதினாவும் கட்டுக்கட்டாக மினி லாரிகளில் ஏறுகின்றன. ஈரம் சொட்டும் சாக்குகளுக்கு நடுவே தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் விலை பேசுகிறார்கள். சர்வீஸ் ரோட்டில், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பையுமாக இளம்பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். சிலர் செல்போன் பாகம் செய்யும் ஆலைக்கு, சிலர் மோட்டார், வயரிங் செய்யும் யூனிட்டுகளுக்கு. அவர்களைத் தாண்டி, ஒற்றைக் கிரானைட் பாளத்தைச் சங்கிலியால் இறுக்கிக் கட்டிய டிரெய்லர் ஒன்று உறுமிக்கொண்டே சென்னைத் துறைமுகத்தை நோக்கிப் போகிறது. எதிர்த்திசையில் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர்கள் வருகின்றன.

இந்த அரை மணி நேரத்தில் சாலையில் ஓடும் எதை எடுத்தாலும் அது எங்கேயோ ஓரிடத்தில் சீனாவைத் தொடும். கொத்தமல்லிக்குச் சொட்டுநீரில் விடும் உரம், ஸ்கூட்டர் மோட்டாருக்குள் ஒட்டியிருக்கும் காந்தம், செல்போன் பாகத்தைச் செதுக்கும் மெஷின், அந்தக் கிரானைட் பாளம் போய்ச் சேரும் ஊர் என எல்லாமே.

டெல்லிக்கும் பெய்ஜிங்குக்கும் நடுவே முகம் சுளித்தால் அந்தச் சுளிப்பு இங்கே வந்து சேரச் சில வாரங்கள் போதும். 2025-இல் அது நடந்தது. ஆனால் வெளியுறவுக் கொள்கையைப் பற்றிப் பேசும் எந்த மேடையிலும் இந்த ஊர்களின் பெயர் வருவதில்லை. இந்தக் கட்டுரை அவற்றின் பக்கத்திலிருந்து எழுதப்படுகிறது.

## மாமல்லபுரத்திலிருந்து கல்வான் வரை

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் மாமல்லபுரத்தில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் பார்த்தார்கள். எட்டே மாதத்தில், 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி.

அந்த ஏப்ரலிலேயே, எல்லையைப் பகிரும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி கட்டாயம் என்ற விதியை மத்திய அரசு கொண்டுவந்திருந்தது. ஜூன் இறுதியில் 59 சீனச் செயலிகள் தடைசெய்யப்பட்டன. கொரோனாவில் நின்ற நேரடி விமானங்கள் மீண்டும் தொடங்கவில்லை. சீனர்களுக்கு விசா கிடைப்பது அரிதானது. சீன பொம்மைகளையும் டி.வி. பெட்டிகளையும் தெருவில் போட்டு உடைத்துப் புறக்கணிப்புக் கோஷம் எழுப்பியவர்களும் உண்டு.

அதே காலத்து வர்த்தகக் கணக்கைப் பாருங்கள். 2020-21-இல் சீனாவுடனான நம் வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 4,400 கோடி டாலர். 2024-25-இல் அது 9,920 கோடி டாலர். அந்த ஓராண்டில் மட்டும் சீனாவிலிருந்து 11,345 கோடி டாலருக்கு வாங்கியிருக்கிறோம். விற்றது 1,425 கோடி டாலருக்கு. கோபம் உண்மையானது, அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தின் ஐந்து ஆண்டுகளில் நம் சார்பு இரு மடங்குக்கு மேல் பெருகியது. செயலியைத் தடைசெய்வது ஒரு நாள் வேலை. காந்தம் செய்யக் கற்றுக்கொள்வதற்குப் பத்தாண்டு வேண்டும். அந்தப் பத்தாண்டில் ஐந்தை நாம் தொடங்காமலே கழித்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

## காந்தம் வராத மாதங்கள்

2025 ஏப்ரல் 4. அமெரிக்க அதிபர் டிரம்ப்பின் வரிக்குப் பதிலடியாக, ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் ஆன காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. சண்டை வாஷிங்டனோடு. அடி விழுந்த இடங்களில் ஒன்று ஓசூர்.

காரணம் எளிது. மின்சார இருசக்கர வாகனங்களின் தொட்டிலாக இந்தப் பகுதி மாறியிருக்கிறது. டி.வி.எஸ். மோட்டாரின் தாய் ஆலை ஓசூரில். பெங்களூரில் பிறந்த ஏத்தர், 2021-இல் தன் உற்பத்தியை ஓசூருக்குக் கொண்டுவந்தது. ஓலா எலெக்ட்ரிக், போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் ஆலை கட்டியது. இவற்றைச் சுற்றி வயரிங், வார்ப்பு, பிளாஸ்டிக், மோட்டார் சுற்றும் வேலை என்று நூற்றுக்கணக்கான சிறு யூனிட்டுகள்.

காந்தம் வேண்டுமென்றால் இனி இப்படித்தான் என்றது புதிய விதி. வாங்கும் கம்பெனி, இது ஆயுதத்துக்குப் போகாது என்று இறுதிப் பயனாளர் சான்று எழுதித் தர வேண்டும். அதற்கு இந்திய அரசு ஒப்புதல் தர வேண்டும். டெல்லியிலுள்ள சீனத் தூதரகம் பார்க்க வேண்டும். பிறகு அது பெய்ஜிங்கில் வர்த்தக அமைச்சகத்தின் மேசைக்குப் போகும். ஐரோப்பியக் கம்பெனிகள் சிலவற்றுக்கு அனுமதி கிடைக்கத் தொடங்கிய பிறகும் இந்திய விண்ணப்பங்கள் மேசையிலேயே கிடந்தன. அந்த மே மாதம்தான் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாள் மோதிக்கொண்டன. மோதலின்போது பாகிஸ்தானுக்குச் சீனா உடனுக்குடன் தகவல் தந்தது என்று ராணுவத் துணைத் தலைமைத் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் ராகுல் சிங் ஜூலையில் வெளிப்படையாகவே சொன்னார். அப்படிச் சொல்லும் நிலையில் இருந்துகொண்டே, அதே சீனாவிடம் காந்தத்துக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. வளரும் நாட்டின் ராஜதந்திரம் எவ்வளவு கடினமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மின்சார வண்டிக்குத் தேவை இருக்கிறது, காந்தம்தான் கிடைக்கவில்லை என்பதை டி.வி.எஸ். தன் மாதாந்திர விற்பனை அறிக்கையிலேயே குறிப்பிட்டது. ஆகஸ்டில் மின்சார வண்டி உற்பத்தி பூஜ்யமாகிவிடக்கூடும் என்று பஜாஜ் ஆட்டோவின் ராஜீவ் பஜாஜ் எச்சரித்தார்.

> ஸ்கூட்டருக்குள் ஒளிந்திருக்கும் உலோகம்
>
> ● மின்சார ஸ்கூட்டர் மோட்டாரில் இருப்பது நியோடைமியம் - இரும்பு - போரான் காந்தம். ஒரு வண்டிக்குச் சில நூறு கிராம் போதும்.
>
> ● மோட்டார் சூடேறும்போது காந்த சக்தி குறையாமல் இருக்கக் கொஞ்சம் டிஸ்புரோசியமோ டெர்பியமோ சேர்க்கிறார்கள். கட்டுப்பாடு விழுந்தது இவற்றின் மீதுதான்.
>
> ● பெட்ரோல் காரின் பவர் ஸ்டீயரிங், செல்போனின் ஸ்பீக்கர், காற்றாலை ஜெனரேட்டர் என எல்லாவற்றிலும் இவ்வகைக் காந்தங்கள் உண்டு.
>
> ● 2024-25-இல் இந்தியா இறக்குமதி செய்த காந்தம் சுமார் 540 டன். அதில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிலிருந்து வந்தது.
>
> ● 2024-இல் அரிய மண் தாதுக்களை வெட்டியெடுத்த கணக்கு: சீனா சுமார் 2,70,000 டன், இந்தியா சுமார் 2,900 டன்.

ஒரு ஸ்கூட்டரின் மொத்த விலையில் இந்தக் காந்தத்தின் விலை மிகச் சிறிய பங்கு. ஆனால் அது இல்லாமல் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாமல் வண்டி இல்லை. லைன் மெதுவானால் முதலில் அடிபடுவது பெரிய கம்பெனியின் பங்கு விலை என்று நினைப்போம். இந்த வட்டாரத்தில் அப்படியில்லை. முதலில் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஷிப்டு குறையும். ஓவர்டைம் நிற்கும். ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டும் சிறு யூனிட்டுக்கு ஆர்டர் தள்ளிப்போகும். வங்கித் தவணை மட்டும் தள்ளிப்போகாது. மாதச் சம்பளத்தில் பாதியை தர்மபுரிக்கோ ஒடிசாவுக்கோ அனுப்பும் பெண்ணுக்கு, தன் ஷிப்டு ஏன் குறைந்தது என்று யாரும் விளக்குவதில்லை.

## மோட்டாராகவே வாங்கிக்கொள்!

காந்தத் தட்டுப்பாட்டைவிட ஆபத்தான ஒன்று அதன் பின்னால் வந்தது. சீனாவின் கட்டுப்பாடு காந்தத்துக்குத்தான். காந்தம் பொருத்திய முழு மோட்டாருக்குத் தடையில்லை. அதனால், மோட்டாரை முழுதாகவே இறக்குமதி செய்துவிடலாமா, இங்கே செய்த மோட்டாரை அங்கே அனுப்பிக் காந்தம் பொருத்தித் திரும்ப வாங்கலாமா என்றெல்லாம் வாகனத் துறை யோசிக்கத் தொடங்கியது.

ஆலை ஓட வேண்டிய நெருக்கடியில் இருப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதன் பொருள் என்ன? கம்பி சுற்றும் வேலை, காந்தம் ஒட்டும் வேலை, சோதிக்கும் வேலை எல்லாம் கடல் தாண்டிப் போகும். ஓசூரில் கற்ற கைத்திறன் ஓசூரில் வீணாகும். மூலப்பொருளைப் பூட்டி வைத்து முடிந்த பொருளை விற்பது பழைய வித்தை. இருபதாண்டுகளாகத் திட்டமிட்டு அதைச் செய்யக்கூடிய இடத்துக்குச் சீனா வந்திருக்கிறது.

எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. டிஸ்புரோசியம் சேர்க்காத காந்தங்களுக்குப் பல கம்பெனிகள் மாறின. அரிய மண் தனிமமே இல்லாத ஃபெரைட் காந்த மோட்டாரை ஓலா 2025 ஆகஸ்ட் 15 அன்று போச்சம்பள்ளி ஆலையில் அறிவித்தது. அக்டோபரில் அதற்குத் தமிழ்நாட்டிலுள்ள அரசு வாகன ஆய்வு மையத்தின் சான்று கிடைத்தது. ஃபெரைட் விலை மலிவு, கிடைப்பதும் எளிது. ஆனால் சக்தி குறைவு என்பதால் மோட்டாரின் வடிவமைப்பை அடியிலிருந்து மாற்ற வேண்டும். நெருக்கடி வந்த பிறகு ஆறே மாதத்தில் இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது. இதே வேலையைக் கல்வானுக்கு மறுநாள் தொடங்கியிருந்தால் இன்று எங்கே இருந்திருப்போம்!

## ரோஜாத் தோட்டத்துக்கும் வந்த பூட்டு

இந்தத் தொழிற்பகுதிக்கு இன்னொரு முகம் உண்டு. ஓசூர், சூளகிரி, தளி, கெலமங்கலம் பகுதிகளில் பாலிஹவுஸ்களுக்குள் வளரும் ரோஜா, காதலர் தினத்துக்குக் கடல் கடந்து போகிறது. தாஜ்மஹால் என்ற சிவப்பு ரகம் இங்கே பிரபலம். சூளகிரிக் கொத்தமல்லிக்கும் ராயக்கோட்டைத் தக்காளிக்கும் வெளிமாநிலங்களில் பெயர் உண்டு.

இந்தப் பயிர்களுக்கு உரம் மூட்டையிலிருந்து மண்ணில் தூவப்படுவதில்லை. 19:19:19, 12:61:0 என்று எண்களால் அழைக்கப்படும், தண்ணீரில் கரையும் உரங்களைச் சொட்டுநீர்க் குழாய் வழியாகச் செடியின் வேருக்கே கொடுக்கிறார்கள். இந்தச் சிறப்பு உரங்களில் சுமார் 80 சதவீதம் இந்தியாவுக்குச் சீனாவிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 2025 கோடையில் அதுவும் நின்றது. எழுத்தில் தடை எதுவும் போடவில்லை. சரக்கைச் சோதித்து அனுப்ப வேண்டிய சீன அதிகாரிகள் சோதிக்கவில்லை, அவ்வளவுதான். தடை என்று ஒன்று இருந்தால் அதை எதிர்த்துப் பேசலாம். தாமதத்தை எதிர்த்து எங்கே போய் முறையிடுவது?

யூரியா தட்டுப்பாடு என்றால் சட்டமன்றத்தில் பேசுவார்கள். பாலிஹவுஸ் உரம் அப்படிப் பேசப்படவில்லை; கடன் வாங்கிக் குடில் போட்ட அரை ஏக்கர், ஒரு ஏக்கர் விவசாயி அதிக விலை கொடுத்துச் சமாளித்தார். அவருக்குச் சீனா கொடுக்கும் இன்னொரு தலைவலி பிளாஸ்டிக் பூ. கல்யாண மண்டபத்தையும் கோயில் விழாவையும் அலங்கரிக்க வந்துவிட்ட அந்தப் பூக்களைத் தடைசெய்யுங்கள் என்று இங்குள்ள மலர் விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். உரம் வரவில்லை, பிளாஸ்டிக் பூ மட்டும் தவறாமல் வருகிறது என்ற நிலையில், அவர்கள் கேள்விக்கு டெல்லி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

## கல் போகிறது, மெஷின் வருகிறது

சென்னை நோக்கிப் போன அந்தக் கிரானைட் பாளத்துக்கு வருவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கல்லுக்கு உலகச் சந்தை உண்டு. அறுக்காத பாளங்களை இந்தியாவிடமிருந்து அதிகம் வாங்கும் நாடு சீனா. அவை பெரும்பாலும் தென்கிழக்குச் சீனாவின் ஷியாமென் துறைமுகத்தில் இறங்கி, சுற்றியுள்ள ஊர்களில் அறுக்கப்பட்டு, பாலிஷ் போடப்பட்டு, உலகத்துக்கு விற்கப்படுகின்றன.

ஷியாமெனுக்குப் பக்கத்து ஊர் சுவான்ஜோ. 1281-ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு அங்கேதான் கிடைத்தது. குப்ளாய் கான் காலத்தில் அங்கே வாழ்ந்த தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பி, தங்கள் மொழியிலும் சீனத்திலும் கல்லில் எழுதி வைத்தார்கள். அன்று தமிழன் சிற்பக் கலையையும் சேர்த்துக் கொண்டுபோனான். இன்று வெறும் பாளமாக அனுப்புகிறோம். வேலைப்பாட்டின் லாபம் அங்கே தங்குகிறது. 2021-க்குப் பிறகு சீனாவின் வீடுகட்டும் தொழில் சரியத் தொடங்கியது, கல்லுக்கான தேவையும் அதோடு ஆட்டம் கண்டது. வாங்குபவர் ஒருவர்தான் என்றாலும் ஆபத்து. விற்பவர் ஒருவர்தான் என்றாலும் ஆபத்து.

மெஷின் கதை வேறு மாதிரி. செல்போன் ஆலையின் கருவிகளில் பல சீனாவில் செய்யப்பட்டவை. பெட்டியிலிருந்து எடுத்து நிறுத்தி ஓடவைக்கவும், பழுதானால் பார்க்கவும் அந்தக் கம்பெனியின் டெக்னீஷியன் வர வேண்டும். 2020-க்குப் பிறகு அவர்களுக்கு விசா கிடைக்க மாதக்கணக்கில் ஆனது. 2025-இல் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். இந்திய ஐபோன் ஆலைகளில் இருந்த 300-க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களை ஃபாக்ஸ்கான் திருப்பி அனுப்பியதாக ஜூலையில் செய்தி வந்தது. முதலில் நாம் கதவைச் சாத்தினோம். பிறகு அவர்கள் தங்கள் ஆட்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

ஓசூர் அருகே ஐபோன் பாகங்களை டாடா எலெக்ட்ரானிக்ஸ் செய்கிறது. பல்லாயிரம் பெண்கள் வேலை பார்க்கும் இடம். பாதுகாப்பு முக்கியம், யார் வருகிறார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு மெஷினை ஓடவைக்க வருபவருக்கும் துறைமுகத்தில் முதலீடு செய்ய வருபவருக்கும் ஒரே தராசு எதற்கு? இந்த வேறுபாட்டை அரசு உணர்ந்து விசா விதிகளைத் தளர்த்தத் தொடங்க நான்கு ஆண்டுகள் ஆயின.

## குருபரப்பள்ளியில் தைவான்

சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கிப் போனால் குருபரப்பள்ளி. அங்கே மின்னணுக் கருவிகள் செய்யும் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை இருக்கிறது. அது தைவான் நாட்டு நிறுவனம்.

‘நாட்டு’ என்று எழுதிய உடனே பெய்ஜிங்குக்குக் கோபம் வரும். தைவான் தன் ஒரு மாகாணம் என்பது சீனாவின் நிலை. இந்தியா தைவானைத் தனி நாடாக அங்கீகரிக்கவில்லை. ஆனால் 2010 வாக்கிலிருந்து ‘ஒரே சீனா’ என்ற சொற்றொடரைக் கூட்டறிக்கைகளில் திரும்பச் சொல்வதையும் விட்டுவிட்டது. தூதரகம் இல்லை, 1995 முதல் தைபேயில் இந்தியாவுக்கு ஒரு சங்க அலுவலகம் உண்டு. சென்னையில் 2012 முதல் தைவானின் பொருளாதார, பண்பாட்டு மையம் இயங்குகிறது. பெயரில் தூதரகம் இல்லாத தூதரகங்கள்.

2025 ஆகஸ்ட் 18 அன்று சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ டெல்லிக்கு வந்தபோது இது மீண்டும் தலைகாட்டியது. தைவான் சீனாவின் பகுதி என்று நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் ஒப்புக்கொண்டதாகச் சீனத் தரப்பு அறிக்கை சொன்னது. நிலைப்பாட்டில் மாற்றமில்லை, தைவானுடன் பொருளாதார, தொழில்நுட்ப, பண்பாட்டு உறவு தொடரும் என்று டெல்லி விளக்கம் தந்தது. ஒரே வாக்கியத்தில் இரண்டு பக்கத்துக்கும் இடம் வைக்கும் இந்தக் கவனம், குருபரப்பள்ளியில் வேலை பார்க்கும் குடும்பங்களின் சோற்றையும் சேர்த்தே காக்கிறது. ராஜதந்திரிகளுக்கு இங்கே நன்றி சொல்லத்தான் வேண்டும்.

அதே வருகையில் உரம், அரிய மண் காந்தம், சுரங்கம் தோண்டும் இயந்திரம் மூன்றையும் கவனிப்பதாக வாங் யீ உறுதியளித்தார் என்று செய்தி வந்தது. அதே ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியது. மாத இறுதியில் பிரதமர் மோடி, ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு சீன மண்ணில், தியான்ஜின் மாநாட்டில் கால் வைத்தார்.

> முறுக்கும் தளர்வும்
>
> 2020 ஜூன்: கல்வான் மோதல், 59 செயலிகளுக்குத் தடை
>
> 2023 ஜூலை: சீன நிறுவனமான பி.ஒய்.டி.யின் 100 கோடி டாலர் கார் ஆலைத் திட்டத்தை இந்தியா ஏற்கவில்லை என்று செய்தி
>
> 2024 அக்டோபர்: டெப்சாங், டெம்சோக் ரோந்து ஒப்பந்தம், கசானில் மோடி - ஷி சந்திப்பு
>
> 2025 ஏப்ரல்: சீனாவின் காந்தக் கட்டுப்பாடு
>
> 2025 ஜூலை: சீனர்களுக்கு மீண்டும் சுற்றுலா விசா
>
> 2025 அக்டோபர்: நேரடி விமானங்கள் திரும்பின, சில இந்தியக் கம்பெனிகளுக்குக் காந்த உரிமம் கிடைத்ததாக வெளியுறவு அமைச்சகம் அறிவிப்பு

## மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

வியட்நாமைப் பாருங்கள். 1979-இல் சீனப் படை எல்லை தாண்டி வந்தது. தென்சீனக் கடல் தகராறு இன்றும் ஓயவில்லை. இருந்தும் வியட்நாமின் மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளி சீனாதான். 2023 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் பைடனை ஹனோய்க்கு அழைத்து உறவை உயர்த்திக்கொண்டது. டிசம்பரில் ஷி ஜின்பிங்கையும் அதே நகரத்தில் வரவேற்றது. வாய்ச்சவடால் இல்லை. சீன உதிரிபாகத்தை வாங்கி, பொருளாக்கி, அமெரிக்காவுக்கு விற்கிறது.

இந்தோனேசியா இன்னொரு வழி. நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 2020 ஜனவரியிலிருந்து தடை போட்டது. தாது வேண்டுமென்றால் இங்கே வந்து உருக்கு என்றதும் சீனக் கம்பெனிகள் வரிசையில் வந்தன. கிரானைட் பாளம் ஏற்றும் நமக்கு இது பாடம். ஆனால் அங்கே காடு அழிந்தது, 2023 டிசம்பரில் மொரோவாலி ஆலை வெடிப்பில் 21 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இலங்கைக்கோ இரண்டு பெரியவர்கள். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனாவிடம் கொடுத்தது. கிடைத்தது 112 கோடி டாலர். 2022 நெருக்கடியில் சுமார் 400 கோடி டாலர் உதவியோடு நின்றது இந்தியா. அதே ஆண்டு ஆகஸ்டில், நம் ஆட்சேபத்தை மீறி ‘யுவான் வாங் 5’ என்ற சீன ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. யாழ்ப்பாணத்துக்கு அருகே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய மின்சாரத் திட்டத்தைச் சீனக் கம்பெனிக்கு 2021-இல் கொடுத்தார்கள். இந்தியா எதிர்த்தது. திட்டம் கைமாறி, 1.1 கோடி டாலர் இந்திய மானியத்தில் இந்தியக் கம்பெனிக்கு வந்தது. ராமேசுவரத்துக்கு எதிரே சீனா உட்காரக் கூடாது என்ற நம் கவலை நியாயமானதே. ஆனால் சீனாவின் அழுத்தத்தைப் பற்றி நாம் புகார் சொல்லும்போது, நம் அழுத்தம் சிறிய அண்டை நாட்டுக்கு எப்படிப் படுகிறது என்பதையும் நினைத்துப் பார்ப்பது நல்லது. அந்தத் தீவு மக்களுக்கு வேண்டியது விளக்கு.

எனக்கு மிகவும் உறைக்கும் எடுத்துக்காட்டு ஜப்பான். அது வளரும் நாடு இல்லை என்றாலும் இதே பூட்டை 2010-இலேயே அனுபவித்தது. சென்காகு தீவருகே படகு மோதல் நடந்ததும் சீனா அரிய மண் ஏற்றுமதியை நிறுத்தியது. சில வாரங்களில் சரக்கு மீண்டும் வந்தது. ஜப்பான் அப்போது நிம்மதிப் பெருமூச்சு விட்டுச் சும்மா இருக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்கு 25 கோடி டாலர் கொடுத்து மலேசியாவில் சுத்திகரிப்பு ஆலையை நிலைக்கச் செய்தது. தனிமத்தைக் குறைவாகப் பயன்படுத்தும் காந்தங்களை உருவாக்கியது. சேமிப்புக் கிடங்கு வைத்தது. 90 சதவீதமாக இருந்த சார்பு 60 சதவீத அளவுக்கு இறங்கியது.

ஓசூர்க்காரர்களுக்கு எல்லைச் சண்டையின் விலை புதிதில்லை. 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்களும் லாரிகளும் எரிந்தன. மாநில எல்லையான ஜூஜூவாடியில் போக்குவரத்து நின்றது. ஆனாலும் இரு பக்கத்துக் கம்பெனிகளும் ஒன்றையொன்று விட முடியாததால் சரக்கு மறுபடி ஓடியது. அங்கே தேவை இருவருக்கும் இருந்தது. காந்த விஷயத்தில் தேவை நமக்கு மட்டும்.

## மணவாளக்குறிச்சி மணல்

நம்மிடம் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. அரிய மண் இருப்பில் உலகில் மூன்றாம் இடத்தில் இந்தியா வருகிறது. அதில் ஒரு பங்கு கன்னியாகுமரிக் கடற்கரை மணலில்.

இந்த மணலுக்குப் பெரிய கதை உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில், அரிய மண் அடங்கிய தாதுவான மோனசைட்டைக் கண்டுபிடித்து ஏற்றுமதி தொடங்கினார். முதல் உலகப் போர் வந்ததும் பிரிட்டிஷார் அவரைக் கைதுசெய்தார்கள். சுதந்திரத்தையொட்டி மோனசைட் ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. 1951-இல் உணவுப் பஞ்சத்தின்போது அமெரிக்காவிடம் கோதுமைக் கடன் கேட்டோம். அதற்கு ஈடாக மோனசைட் தரச் சொல்லி அமெரிக்க காங்கிரஸில் குரல் எழுந்தது. நேரு இணங்கவில்லை. பசித்த நாடு, தன் மணலைக் கொடுக்க மறுத்தது. அந்த உறுதி பெருமைப்பட வேண்டியது. அதற்குப் பிறகு அந்த மணலிலிருந்து காந்தம் செய்யும் தொழிலை எழுப்பாமல் விட்டோம் என்பது வருந்த வேண்டியது. 2012 ஒப்பந்தப்படி ஜப்பானுக்கு அரிய மண் பொருள்களை அனுப்பிக்கொண்டிருந்த பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்.லிடம், உள்நாட்டுத் தேவைக்காக அதை நிறுத்தி வைக்கும்படி 2025-இல் அரசு சொன்னதாகச் செய்தி. வைத்திருந்தாலும், அதைக் காந்தமாக்கப் பெரிய ஆலை இங்கே இல்லை.

2025 நவம்பர் 26 அன்று மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இலக்கு: ஆண்டுக்கு 6,000 டன் காந்தம். 2026-27 பட்ஜெட்டில் ஒடிசா, ஆந்திரா, கேரளாவோடு தமிழ்நாட்டிலும் அரிய மண் தொழில் வழித்தடம் அறிவிக்கப்பட்டது.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ மக்கள் கடுமையாக எதிர்க்கிறார்கள். மோனசைட்டில் தோரியம் உண்டு. கதிர்வீச்சும் கடலரிப்பும் அவர்களின் அன்றாடப் பயம். ஓசூரில் ஒரு லைன் ஓட, கிள்ளியூரில் ஒரு கிராமம் நோயாளியாக வேண்டுமா? அவர்களின் கேள்விகளுக்கு மருத்துவ ஆய்வோடும் தரவோடும் பதில் சொல்லாமல் தேசப் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லால் வாயடைப்பது அநியாயம். இதே அநியாயத்தின் சிறு வடிவம் சூளகிரி வட்டாரத்திலும் நடந்திருக்கிறது. உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் விவசாயிகள் சிப்காட் தொழிற்பேட்டைக்கு விளைநிலம் எடுக்கக் கூடாது என்று நாள்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். பழைய, பழுதான மோட்டார்களிலிருந்து காந்தத்தைப் பிரித்தெடுக்கும் தொழிலை முதலில் வளர்க்கலாம். அதற்கான குப்பை ஓசூரிலேயே கிடைக்கும், யார் நிலமும் போகாது.

## 2028 வரை என்ன செய்வது?

காந்தத் திட்டத்தின் காலம் ஏழு ஆண்டுகள். அதில் ஆலை கட்ட மட்டும் இரண்டு. எல்லாம் சரியாக நடந்தாலும் முதல் பெரிய அளவு இந்தியக் காந்தம் 2028 வாக்கில்தான் வரும். அதுவரை சீனாவின் உரிமத்தில்தான் லைன் ஓடும். அந்த உரிமங்களும் நிபந்தனையோடு வந்தன: அமெரிக்காவுக்கு மறு ஏற்றுமதி கூடாது, பாதுகாப்புத் துறைக்குப் போகக் கூடாது.

ஆகவே இந்த இடைக்காலத்தில் பெய்ஜிங்கோடு பேச்சு நிற்கக் கூடாது. லடாக்கில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்காமல் பேச முடியும். வியட்நாம் அதைத்தான் செய்கிறது. பேச்சுக்குப் போகும் குழுவின் பட்டியலில் பெரிய கார் கம்பெனிகளின் தேவை எப்போதும் இருக்கும். ஹோஸ்டியா போன்ற சிறுதொழில் சங்கத்தின் உறுப்பினருக்கு வேண்டிய மெஷின் உதிரிபாகமும், பாலிஹவுஸ் விவசாயிக்கு வேண்டிய 12:61:0-ம் அதே பட்டியலில் ஏற வேண்டும். எந்தப் பொருள் எந்த நாட்டிலிருந்து எத்தனை சதவீதம் வருகிறது, நின்றால் எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கை மாவட்ட வாரியாக எடுத்து வைக்கத் தமிழ்நாடு அரசால் முடியும். வெளியுறவு மத்திய அரசின் கையில். இருப்புக் கணக்கு எடுக்க யார் அனுமதியும் வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டுக் காரணத்தால் லைன் நிற்கும்போது கான்ட்ராக்ட் தொழிலாளிக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டிய வேலையிழப்பு ஈட்டுத்தொகை பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடுகிறது. கம்பெனிகளுக்குக் காந்த மானியம் தரும் திட்டத்திலேயே, சப்ளை நின்ற மாதங்களில் தொழிலாளியின் கூலியைக் காக்கும் ஒரு விதியை எழுதிச் சேர்க்க முடியும். 7,280 கோடி ரூபாய் ஒதுக்கும்போது அந்த ஒரு விதிக்காக வாதாட, கிருஷ்ணகிரி தொகுதியின் எம்.பி.யில் தொடங்கி ஓசூர் தொழிற்சங்கங்கள் வரை எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. திட்டத்தின் கீழ் ஆலைகள் இன்னும் எழுந்து நிற்கவில்லை என்பதால், இப்போதே கேட்டால் கிடைக்கும்.